சத்தத்துக்கு முந்தி

துறைமுகத்துக்குப் போகிற பெரிய சாலையிலிருந்து தெற்கே பிரிந்து, கடலைப் பார்க்க ஓடுகிறது அந்த ரோடு. உப்பளத்துக்குள் போவதால் அளத்து ரோடு என்பார்கள். ஒரு வளைவு கிடையாது, ஒரு மேடு கிடையாது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். நிழலுக்கென்று அங்கங்கே நாலு உடைமரம். சித்திரை மாதத்து நடுப்பகலில் அங்கே கண்ணை முழுசாகத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. மேலேயிருந்து வெயில் அடிக்கும். கீழேயிருந்து உப்பு அடிக்கும். தார் ரோடு தண்ணீர் தேங்கியது போல நெளியும். தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது உப்புக் குவியலா, மாடா, வண்டியா என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அதனால் அளத்துப் பெண்கள் அந்த ரோட்டைக் காதால்தான் கடந்தார்கள். அதுவும் தங்கள் காதால் அல்ல, அய்யாக்குட்டியின் காதால்.

அய்யாக்குட்டி மீசை முளைக்கும் முன்பே பாத்தியில் இறங்கியவர். உப்பு வாரி வாரி, அந்த வெள்ளையையே பார்த்துப் பார்த்து, கண் இரண்டும் பூத்துப்போயின. இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். பக்கத்தில் வந்தால் முகம் ஒரு நிறமாகத் தெரியும். கங்காணி இரக்கப்பட்டு அவரைப் பாத்தியிலிருந்து ஏற்றி, ரோட்டோரம் உப்பைக் குவித்து வைக்கிற தட்டுமேட்டில் சாக்குத் தைக்க உட்கார்த்தி வைத்தார். குடிதண்ணீர்க் குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பெண்கள் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் திரும்பி வருவார்கள். நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடியுமா? ரோட்டோரம் வந்து நின்று, "அண்ணே" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அய்யாக்குட்டி ஊசியை நிறுத்திக் காதைக் கொடுப்பார்.

"நில்லுங்க. கரி லாரி வாரான்."

லாரி போகும்.

"மீன்பொட்டிக்காரன் வாரான். சின்ன வண்டிதான், இருந்தாலும் நில்லுங்க."

அவனும் போவான். அதன் பிறகு ஒரே சொல்தான். "நட."

அந்தச் சொல் பொய்த்ததில்லை. "அய்யாக்குட்டி அண்ணன் நடன்னு சொன்னா சாமி சொன்ன மாதிரி" என்பாள் பேச்சி. பக்கத்து வீட்டுக்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள். அவர் மனைவி செல்லத்தாய் மட்டும், "வீட்டுல கூப்பிட்டா கேக்காது. ரோட்டுல போறது மட்டும் கேக்கும் இந்தக் காதுக்கு" என்று குத்துவாள். குத்திவிட்டு, அவர் கஞ்சிக்கு ஒரு துண்டு கருவாடு கூடுதலாகச் சுட்டு வைப்பாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்பு விளைகிற காலத்தில் அளத்துக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. முன்பகலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒன்று சிவப்பு, மேல்கூரையைப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்கிற பெட்ரோல் கார். அதில் வந்தவன் ஜெயகணேஷ், டவுனில் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன். இன்னொன்று வெள்ளை, கரண்டில் ஓடுகிற நீளமான கார். அதை ஓட்டி வந்தவன் நேசக்குமார், நாசரேத்து ஊர்ப் பையன், கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. கோவில் ஆராதனை முடிந்து நேரே வந்ததால் வெள்ளைச் சட்டை கசங்காமல் இருந்தது. இரண்டு பேரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். எந்த வண்டி சட்டென்று வேகம் எடுக்கும் என்று பல நாளாக வாதாடி, கடைசியில் வளைவில்லாத ரோட்டைத் தேடி வந்திருந்தார்கள்.

"ஏலே, சத்தத்தைக் கேளு," என்றான் ஜெயகணேஷ். நின்ற இடத்திலேயே சிவப்பு வண்டியை உறும விட்டான். பாத்திக்குள் நின்ற கொக்கு எழுந்து பறந்தது. "இதுக்குப் பேருதான் வண்டி. ஒன் வண்டி மிக்சி. சட்னி அரைக்கலாம்."

"உறுமுனா போதுமா? நீ உறுமி, கியரு மாத்தி, வேகம் பிடிக்க முன்ன நான் அந்தக் கடைசிக்குப் போயிருவேன். இதுல மிதிச்ச உடனே முழு இழுப்பும் வந்துரும்."

"கொஞ்ச தூரம் வேணா போவ. பெறவு பிடிச்சிருவேன்லா."

பேச்சி உப்பு வாருகிற பலகையை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏ மதினி, கூரை இல்லாம இருக்கதுதான் பணக்காரத்தனமாம். அப்பம் நம்ம எல்லாரும் கோடீஸ்வரங்கதான்."

செல்லத்தாய் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயகணேஷும் சிரித்தான், அவன் கெட்டவன் அல்ல. எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதற்கு ரோட்டில் ஒரு கோடு போட வேண்டும் என்று, செல்லத்தாயிடம் "அம்மா, கொஞ்சம் உப்பு அள்ளிக்கிடட்டுமா?" என்று கேட்டான்.

"உப்புக்கா பஞ்சம்? அள்ளிக்கிடுங்க. ஆனா வண்டியை அது மேல ஏத்தாதீங்கய்யா. உப்பை மிதிக்கக் கூடாது."

"நாங்களா மிதிக்கோம்? டயருல்லா மிதிக்கி," என்றான் ஜெயகணேஷ். ரோட்டுக்குக் குறுக்கே உப்புக்கோடு விழுந்தது.

"நீரு எந்த வண்டி பக்கம்?" என்று செல்லத்தாய் புருஷனைக் கேட்டாள்.

"செவப்பு. அதுக்குத்தான் மூச்சு இருக்கு. வெள்ளைக்கு உசிரு இருக்கமாதிரியே தெரியல."

வண்டிகள் கிளம்பின. அய்யாக்குட்டியின் காதுக்குள் ஒரே ஒரு வண்டிதான் ஓடியது. அது சீறியது, ஒருமுறை மூச்சு வாங்கியது, மறுபடி சீறியது, தேய்ந்து தேய்ந்து கடல் பக்கம் போய் அடங்கியது.

"செவப்புதானே?" என்றார்.

"போங்கண்ணே, வெள்ளைல்லா முந்திட்டான்!" என்று கத்தினாள் பேச்சி. "கிளம்புனதுமே பாதி ரோடு போயிட்டான். செவப்பு பின்னால கத்திக்கிட்டே ஓடுது, பஸ்ஸை விட்டவன் மாதிரி."

"சத்தமில்லாம எவன்ளா முந்துவான்? ஒன் கண்ணுக்கு வெயில் ஏறிட்டு."

"எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அவர் நம்பவில்லை. நம்பாமல் இருந்தது திமிரால் அல்ல. ஒரு ஆயுசு முழுக்கப் பொய் சொல்லாத காதை, ஒரு காலைப் பொழுதில் எப்படிச் சந்தேகப்படுவது?

கார்கள் உடனே திரும்பவில்லை. கடற்கரையில் நின்று இருவரும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. இங்கே பந்தயம் முடிந்துவிட்டதாக நினைத்து எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். உச்சி வெயில் ஏறியது. கஞ்சி குடிக்கிற நேரத்துக்குச் செல்லத்தாய் தண்ணீர் எடுக்கப் போனாள். தோற்றுப்போன ஜெயகணேஷ் கடற்கரையில், "இன்னொரு தடவை. திரும்பிப் போகும்போது, அந்த உப்புக்கோடு வரைக்கும்," என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

செல்லத்தாய் நிறைகுடங்களோடு ரோட்டோரம் வந்து நின்றாள். வெயிலுக்குத் தலையிலிருந்து முகம் மறைய இழுத்துவிட்ட சேலைத் தலைப்பு. "இந்தாரும், போலாமா?" என்றாள்.

அய்யாக்குட்டி காதைக் கொடுத்தார். தெற்கே, வெகு தூரத்தில், சிவப்பு வண்டியின் உறுமல் மெலிசாகக் கேட்டது. தூரம் கிடக்கிறது. கரி லாரியில்லை. மீன்வண்டியில்லை. ஒரு கிழவி ஆட்டை ஓட்டிக்கொண்டு கடக்கிற அளவுக்கு நேரம் இருக்கிறது.

"நட," என்றார்.

அவள் நடந்தாள். சிவப்பு வண்டியின் சத்தம் இன்னும் தூரத்திலேயே இருந்தது. குடம் விழுந்து உருண்டது அதற்கு முன்பே கேட்டது. 

* * *

பெரியாஸ்பத்திரியில் செல்லத்தாய் கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வலது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. பேச்சில்லை.

"தொண்டையில ஒண்ணும் பழுதில்ல," என்றார் டாக்டர். அலுப்போடு சொல்லவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "தலையில அடி பட்டிருக்கு. பேச்சு வந்தாலும் வரும். வராமலும் போகலாம். இனி நடக்க மாட்டாங்க. அதை மட்டும் மனசுல ஏத்திக்கிடுங்க."

எட்டயபுரத்தில் வாக்கப்பட்டிருந்த மகள் முருகேஸ்வரி பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து கிடந்தாள். அய்யாக்குட்டி கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். கண் தெரிகிறவனுக்கு மனைவி பேசாவிட்டாலும் முகம் இருக்கிறது. அவருக்கு அவளுடைய குரல்தான் அவள். வாசல் பெருக்குகிற குரல், குத்துகிற குரல், உலை கொதிக்கும்போது தனக்குத்தானே முனகுகிற குரல். இப்போது கட்டிலில் ஒரு மூச்சு மட்டும் இருந்தது. அது கோபத்து மூச்சா, வலியின் மூச்சா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

"ஏளா," என்று குனிந்து சொல்வார். "என்னை வையி. நாசமாப் போறவனேன்னு சொல்லு. ஒரு சொல்லு சொல்லிரு, போதும்."

மூச்சு வரும், போகும்.

"யப்பா, சும்மா இரிங்க. அம்மைக்கு முடிஞ்சா பேச மாட்டாளா?" என்பாள் முருகேஸ்வரி.

"எம் மேல கோவமா இருக்காளோ என்னமோ, நீ கேளேன். ஒனக்குக் கண்ணு தெரியும்லா. மூஞ்சில கோவம் இருக்கா?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அதில் ஒன்றுமே இருக்காது. "இல்லப்பா," என்று சொல்லிவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்துவாள்.

படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், மாற்றி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். தூக்கினால் வலியில் அவள் கண் சொருகும். அதனால் விரிப்பின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கித் திருப்ப வேண்டும். முருகேஸ்வரி ஒரு மூலை. அய்யாக்குட்டி ஒரு மூலை. கஞ்சி கொண்டுவருகிற பேச்சி ஒரு மூலை. நாலாவது மூலைக்கு யாராவது வருவார்கள். பக்கத்துக் கட்டில்காரர் மனைவி வருவாள், சில நேரம் துப்புரவுக்கார அம்மா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வருவாள். இப்படிப்பட்ட கைகளைக் கொண்டுதான் கடவுள் ஏழைகளின் ஆஸ்பத்திரியை நடத்துகிறார்.

பேச்சி மீன் கம்பெனிக்கு மீன் அறுக்கப் போய் ஒரு வாரம் வராமல் இருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரியும் ஒரு புதுக்கையுமாக மூலையைப் பிடித்தார்கள். சாயங்காலம் தவறாமல் அந்தக் கை வந்தது. சாய்வில்லாமல், வலிக்காமல் தூக்கும். பேசாது. வேலை முடிந்ததும் போய்விடும். யாரோ நோயாளிக்கு வேண்டியவன் என்று முருகேஸ்வரி நினைத்தாள். அய்யாக்குட்டிக்கு அந்தக் கையைப் பற்றித் தெரிந்தது சோப்பு வாசனையும் கூச்சமும்தான்.

ஒருநாள் விரிப்பைக் கீழே வைத்த நேரத்தில் அந்த ஆளின் போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடி, "இப்பம் பேச முடியாதுலே," என்று மெதுவாகச் சொன்னது உள்ளே கேட்டது.

பந்தயத்தன்று ரோட்டோரம் கேட்ட குரல் அது என்று அய்யாக்குட்டிக்குப் பிடிபட்டது. பிறகு, "முருகேசு, அந்தத் தம்பி வெள்ளைச் சட்டையா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. யாரு?"

"வெள்ளை வண்டி."

முருகேஸ்வரி வராந்தாவுக்குப் போன வேகத்தில் சாப்பாட்டுத் தூக்கு உருண்டது. "ஏய், நீயா? எங்க அம்மையை இந்தக் கதியில போட்டுட்டு, தெனமும் வந்து தொட்டுத் தூக்குதியா? பாவத்தைக் கழுவ வேற ஆறு கெடைக்கலியா ஒனக்கு?"

நேசக்குமார் போனைப் பைக்குள் போட்டான். சுவரோடு ஒட்டி நின்றான். வார்டே எட்டிப் பார்த்தது.

அய்யாக்குட்டி சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். "விடு தாயி."

"எப்படி விடச் சொல்லுதிய?"

"நாளைக்கும் திருப்பிப் போடணும்லா. நாலாவது மூலைக்கு ஆளு வேணும்."

அவள் அப்பாவை வெறித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அய்யாக்குட்டி வராந்தாவின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார். நேசக்குமார் உட்கார்ந்தான்.

"அந்தச் செவப்பு வண்டித் தம்பி வரல."

"ஒரு தடவை வந்தான்யா. வந்து…"

"வந்ததும் தெரியும், கேட்டதும் தெரியும். அம்புட்டு சத்தம் வந்திச்சே, காதுல விழலியான்னு கேட்டாரு. விழுந்திச்சுன்னுதான் சொன்னேன்." அவன் பக்கம் திரும்பினார். "எய்யா, ஒண்ணு கேக்கட்டா? கோவமாக் கேக்கல. தெரிஞ்சிக்கிடக் கேக்கேன். நீரு எப்படிச் சத்தத்துக்கு முந்தி வந்தீரு?"

நேசக்குமார் விளக்கினான். "அவன் வண்டி பெட்ரோல்யா. மிதிச்சா இஞ்சின் சுத்து ஏறணும், கியர் மாறணும், அதுக்குப் பெறகுதான் வேகம். சத்தம் முதல்ல வரும், வண்டி பின்னால வரும். எனக்கு அப்படி இல்ல. மிதிச்ச அந்த நொடியே ஓட்டம். நீங்க அவன் சத்தத்தைக் கேக்கும்போது நான் பாதி ரோட்டுக்கு மேல வந்துட்டேன்."

"அப்பம் நான் கேட்டது?"

"எனக்குப் பின்னால வந்த வண்டி."

அய்யாக்குட்டி தலையை ஆட்டினார். "பின்னால வந்ததைக் கேட்டுக்கிட்டு முன்னால வந்ததை விட்டுட்டேன். பேச்சி காலைலயே சொன்னா. வெள்ளைதான் முந்துனான்னு. கேக்கல நான்."

"ஒங்க மேல தப்பு இல்லய்யா. நாந்தான் ஓட்டுனேன். போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். எனக்கும் வெயில்ல ஆளு தெரியல. தெரிஞ்சப்பம் பிரேக்குக்கு நேரமில்ல. அந்த அம்மா உப்பை மிதிக்காதீங்கன்னு சொன்னாங்க. ராத்திரி கண்ணை மூடினா அதுதான் கேக்கு."

"தப்பைக் கூறு போட்டுப் பங்கு வைக்க எனக்குத் தெரியாதுய்யா. ஒமக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்குன்னு வச்சா அவ எந்திரிச்சு நடப்பாளா?" அவர் வார்டுப் பக்கம் கையைக் காட்டினார். "நீரு சாமி கும்பிடுத ஆளு. அவளுக்கு ஒரு வார்த்தை வரணும்னு கும்பிடும். என்னை வைய ஒரு வார்த்தை. அது போதும்."

நேசக்குமார் தலை குனிந்து கும்பிட்டான். அந்த ஜெபம் அன்று கேட்கப்படவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆனாலும் சாயங்காலத்தில் நாலாவது மூலைக்கு அவன் வந்தான். முருகேஸ்வரி அவனோடு பேசவில்லை. ஒருநாள் மட்டும், விரிப்பை வைத்த பிறகு, மீதியிருந்த காப்பியை ஒரு டம்ளரில் ஊற்றி அவன் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

* * *

இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆனிக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வீடு அளத்து ரோட்டோரம்தான். தகரம் போட்ட ஒரே அறை. உள்ளே அனல் தாங்காது என்று செல்லத்தாயின் இரும்புக் கட்டிலை வாசலில் ஓலைச் சாய்ப்பின் கீழ் போட்டார்கள். ரோட்டைப் பார்த்த மாதிரி படுத்திருந்தாள்.

ஆடி பிறந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தது. உப்புத் தூளை வாரி முகத்தில் அடித்தது. தகரம் நாள் முழுக்கக் கடகடவென்றது. முருகேஸ்வரியின் கடைக்குட்டிக்குக் காய்ச்சல் என்று ஊரிலிருந்து போன் வந்தது. போகமாட்டேன் என்று அழுதாள். பேச்சிதான் பையைக் கட்டிக் கொடுத்தாள். "நீ போ தாயி. குளிப்பாட்ட, திருப்பிப் போட நான் இருக்கேன்."

செல்லத்தாயின் முதுகில் எவ்வளவு பார்த்தும் புண் விழுந்துவிட்டது. பேச்சி அதைத் துடைக்கும்போது வாயை மூடாமல் ஊர்க்கதை சொல்லுவாள், சொல்லாவிட்டால் அழுதுவிடுவாள்.

"கேட்டியளா அண்ணே, அந்தச் செவப்பு வண்டிக்காரன் வண்டியை வித்துட்டானாம்."

"பாவம், மனசு கேக்கலபோல."

"மனசா? கரண்டு வண்டி வாங்கிட்டாம்ணே! வெள்ளையை விட வேகமாம். தோத்தது பொறுக்கல அவனுக்கு."

அய்யாக்குட்டி விரிப்பின் மூலையை இழுத்துச் சரிசெய்தார்.

அளத்துப் பெண்கள் வந்து, "அண்ணே, பழையபடி தட்டுமேட்டுல வந்து உக்காருங்க. எங்களுக்கு நடன்னு சொல்ல ஆளில்ல," என்று கூப்பிட்டார்கள். அது இரக்கத்தில் கூப்பிட்டது. அவர் போய் உட்கார்ந்தும் பார்த்தார். ஒரு பெண் குடத்தோடு வந்து, "அண்ணே," என்றாள். ரோடு அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதியில்தான் அவருக்குப் பயமாக இருந்தது. சத்தம் வந்தால் நில் என்று சொல்லலாம். சத்தம் வராவிட்டால் என்ன சொல்வது? வாய் திறந்தது, சொல் வரவில்லை. அந்தப் பெண் தலைப்பாரத்தோடு வெகுநேரம் நின்றுவிட்டு, கடவுளே என்று தானாக நடந்து போனாள். அன்றோடு அவர் தட்டுமேட்டுக்குப் போவதை விட்டார். கங்காணியும் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நேசக்குமார் வருவான். காரைத் தொடுவதை அவன் விட்டுவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த வெயிலில் நடந்தே வருவான். குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து எல்லாக் குடத்தையும் நிரப்புவான். பேச்சி ஒரு மூலை, அவன் இரண்டு மூலை, அய்யாக்குட்டி ஒரு மூலை. செல்லத்தாயைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவான். கேஸ் நடக்கிறது, தண்டனை வரலாம் என்றான். "வந்தா யாரு தண்ணி எடுப்பா?" என்று பேச்சி கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை. பேச்சி மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். காற்று வழக்கத்தைவிட அதிகம். குடத்தில் கையை விட்டுப் பார்த்தார் அய்யாக்குட்டி. அடியில் ஈரம்தான் இருந்தது. செல்லத்தாயின் மூச்சு உலர்ந்து உரசிக்கொண்டு வந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்தார், வெடித்திருந்தது. தண்ணீர் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளர் அவள் வலது கைப் பக்கம் காலியாகக் கிடந்தது.

"இரு. கொண்டாரேன்," என்றார்.

குடத்தை எடுத்துக்கொண்டு, காலால் தடவித் தடவி ரோட்டோரம் வந்தார். தார் எங்கே தொடங்குகிறது என்று பெருவிரல் சொன்னது. நின்று காதைக் கொடுத்தார். காற்று காதுக்குள் புகுந்து ஊளையிட்டது. தகரம் கடகடத்தது. எங்கோ தார்ப்பாய் படபடத்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுபோலத்தான் இருந்தது. அவள் தாகத்தை நினைத்தார். ஒரு காலைத் தூக்கி ரோட்டில் வைத்தார்.

டங்.

பின்னால், வாசலில், கட்டில் இரும்பில் எவர்சில்வர் டம்ளர் மோதிய சத்தம்.

அவரது அடுத்த கால் அந்தரத்தில் நின்றது. அடுத்த மூச்சில் ஏதோ ஒன்று அவர் முகத்துக்கு முன்னால் கடந்து போனது. உறுமல் இல்லை, ஹாரன் இல்லை. வேட்டி நுனியை இழுத்த காற்றும், காலில் தெறித்த உப்புத் தூளும்தான். அது என்ன வண்டி, என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது.

மெதுவாகக் காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"ஏளா?" என்றார், திரும்பாமல்.

பதில் குரல் வரவில்லை. வரப்போவதும் இல்லை என்று அவருக்கு அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவள் எழப்போவதில்லை. முதுகுப் புண் ஆறப்போவதில்லை. இந்தக் காற்றுக்காலம் தாண்டுவாளா என்பதே சந்தேகம். ஆனால் அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படுத்த நாளிலிருந்து ரோட்டை அல்ல, ரோட்டோரம் வந்து நிற்கிற இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போலாமா?" என்று கேட்டார். அந்த ரோட்டோரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்.

டங் என்று இன்னொரு தட்டு விழுந்தால் அது நட என்று அர்த்தமா, நில் என்று அர்த்தமா? இருவரும் அப்படி எதையும் பேசி வைத்துக்கொண்டதில்லை. இனி பேசி வைக்கவும் முடியாது.

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அய்யாக்குட்டி வெறுங்குடத்தோடு, காதை ரோட்டிலிருந்து எடுத்துக் கட்டில் பக்கம் வைத்துக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று நின்றார்.